ஒரு நாள் அவகாசம்

அடுத்த வாரம் முதல் என் நாற்காலியில் உங்கள் மூவரில் ஒருவர் உட்காருவார். முப்பத்திரண்டு வயதில் "ஓய்வு பெறுகிறேன்" என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் இந்த வேலை நம் ஊருக்கு வந்ததே அண்மையில்தான். முதலில் சேர்ந்தவள் நான். முதலில் போகிறவளும் நான்தான். சென்னையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. இனி யாருடைய காசையும் நான் நிறுத்த வேண்டியதில்லை.

பொறுப்பை ஒப்படைப்பதற்காக நான் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்திருப்பீர்கள். எந்த நிறுவனத்துக்கு எந்தப் படிவம், சான்றுகளை எப்படி எடுத்து வைப்பது, யார் உடனே பதில் சொல்வார்கள், யாருக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டும், எல்லாம் எண் போட்டு இருக்கின்றன. எண் போட்டு எழுதுவது எனக்குச் சுலபம். எந்த எண்ணின் கீழ் வைப்பதென்று தெரியாமல் நின்ற ஒன்றை மட்டும் இங்கே தனியாக எழுதுகிறேன்.

திருட்டுக் கோப்புகளைப் பரப்பும் இணையதளங்களின் வருமானத்தை நிறுத்துவது நம் வேலை. கோப்பை நீக்கச் சொன்னால் காலையில் நீக்குவார்கள், சாயங்காலம் வேறு பெயரில் ஏற்றுவார்கள். அதனால் நாம் கோப்பைத் துரத்துவதில்லை, காசைத் துரத்துகிறோம். விளம்பரக் காசு போய்விட்டால், சந்தாக் காசும் வராமல் போனால், தளம் நடத்துகிறவருக்கு அதில் வேலை இல்லை. தானாக மூடிவிட்டுப் போவார். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது அதன் அமைதி. யாரையும் நேரில் பார்க்க வேண்டாம், யாரோடும் சண்டை போட வேண்டாம். ஒரு மின்னஞ்சல், ஒரு படிவம், எங்கோ ஒரு குழாய் மூடிக்கொள்ளும். யார் வீட்டுக் குழாய் என்று நாம் பார்ப்பதில்லை.

சினிமாத் தயாரிப்பாளர்களுக்காகத் தொடங்கிய அலுவலகம் இது. காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வாடகை குறைவு என்பதும், ஏனாத்தூர் பக்கம் படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகள் நிறைய என்பதும்தான். பட்டுச் சேலை டிசைன் எங்களிடம் வழக்காக வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தது. இன்று கரையும் முந்தியும் முதலில் கம்ப்யூட்டரில்தான் வரையப்படுகின்றன. எந்த இழை எங்கே எழும்ப வேண்டும், எங்கே அமிழ வேண்டும் என்பது முழுவதும் ஒரு கோப்பில் அடங்கிவிடுகிறது. தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு கருவியில் அதை ஏற்றினால் டிசைன் விழும். வரைவதற்கு மாதக்கணக்கில் ஆகும். திருடுவதற்கு ஒரு பென் டிரைவ் போதும்.

இதில் நம் ஊருக்கென்று எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு கடைக்கு வரைந்து கொடுத்த டிசைனை அந்த முகூர்த்த சீசன் முடியும்வரை வேறு யாருக்கும் காட்டக்கூடாது. ஒப்பந்தம், முத்திரைத்தாள் எதுவும் கிடையாது, வாய் வார்த்தைதான். அதை மீறியவர் என்று பெயர் வந்துவிட்டால் எந்தக் கடையும் அப்புறம் படியேற விடாது.

ஸ்டெல்லா அக்கா ஏனாத்தூர்க்காரர். அவர் வீட்டில் தறியில் உட்கார்ந்தவர்கள் யாருமில்லை. அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் கம்ப்யூட்டர் வகுப்பில் வரையப் பழகி, ஒரு டிசைன் சென்டரில் சம்பளத்துக்கு இருந்து, பிறகு வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டுத் தனியாக வரைய ஆரம்பித்தவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளி அவருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து வந்தார். அந்தக் கடையின் பேரைச் சொல்லித்தான் மற்ற கடைகளும் அவரை உள்ளே விட்டன.

அந்த முதலாளிக்குத் தை முகூர்த்தத்துக்காக ஸ்டெல்லா அக்கா ஒரு முந்தி வரைந்திருந்தார். குளத்தில் மழைத்துளி விழுந்தால் வட்டம் வட்டமாக விரியுமே, அதுதான் டிசைன். ஒரு வட்டம் இன்னொன்றைத் தொடும் இடத்தில் ஜரிகை மெலிந்து பட்டின் நிறம் தெரியும். தறியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சேலையை நனைத்துவிட்டார்களோ என்று ஒரு கணம் தோன்றும். மார்கழியில், முதல் சேலை இன்னும் கடைக்கு வராத நேரத்தில், வெளியூர் விசைத்தறியில் நெய்த அதே முந்தி முதலாளியின் கைப்பேசிக்குப் படமாக வந்தது. தேடிப் பார்த்ததில் கோப்பே ஒரு தளத்தில் இருந்தது.

ஸ்டெல்லா அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவரோடு நானும் கடைக்குப் போனேன்.

"ஏகாம்பரம் பொண்ணுதானே நீ? உக்காருமா," என்றார் முதலாளி. என் அப்பா அவருக்குத்தான் நெய்கிறார். நான் உட்கார்ந்தேன்.

"ஃபைலு ரெண்டே எடத்துல இருக்குது. ஒண்ணு இவ கம்ப்யூட்டரு. இன்னொண்ணு என் பீரோ. பீரோ சாவி என் இடுப்புல இருக்குது. அப்புறம் எப்படிமா போவும்? பறந்தா போச்சு?"

"தறியில ஏத்தறவங்க கையிலயும் இருந்திருக்கும் இல்லீங்களா?" என்றேன்.

"அவங்கல்லாம் எங்க தாத்தா காலத்துலருந்து நம்மகிட்ட இருக்கறவங்கமா."

ஸ்டெல்லா அக்கா நின்றபடியே சொன்னார்: "நானும் இத்தினி வருசமா உங்களுக்குத்தானே வரைஞ்சிக்கினு இருக்கேன், மொதலாளி. ஒரு கோடு வெளிய போயிருக்குதா?"

"இதுவரைக்கும் போவல. இப்ப போயிருக்குதே."

"நான் வித்திருந்தா ஆளைக் கூட்டிக்கினு உங்ககிட்டயே வந்து நிப்பனா?"

"அது எனக்கு இன்னா தெரியும்? தை பொறக்கறதுக்குள்ள யாருன்னு காட்டு. காட்டிட்டா, இவ மேல தப்பு இல்லன்னு நாலு கடைக்கு நானே சொல்றேன். காட்டலன்னா அதையும் நான்தான் சொல்லியாவணும். நாளைக்கு அவங்க வந்து, ஏன்பா முன்னாடியே சொல்லலன்னு என்னைக் கேப்பாங்க இல்ல?"

தெருவுக்கு வந்ததும் ஸ்டெல்லா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடையில நாக்காலி ஒண்ணுதான் இருந்துச்சு போல," என்றார். கடை நிறைய நாற்காலிகள் இருந்தன. நான் அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

வேலையை விளம்பரத்திலிருந்து தொடங்கினோம். அந்தத் தளத்தைத் திறந்தால் திருமணத் தகவல் மையம், தறி உதிரிப் பாகம், அதற்கடுத்து நம் ஊர் ஜரிகைக் கடை ஒன்றின் விளம்பரம். ஜரிகைக் கடைக்காரரைப் பார்க்க நானே போனேன். அவர் விளம்பரத்துக்கு ஓர் ஏஜென்சியிடம் பணம் கட்டியவர். அது எங்கே போய் விழுகிறதென்று அவருக்குத் தெரியாது.

"நம்ம கடை பேரு அதுலயும் வருதா? நெறைய பேரு பாக்கறாங்களா?" என்றார் சந்தோஷமாக.

"பாக்கறாங்க சார். ஆனா அது திருட்டு டிசைன் விக்கற எடம்."

"திருட்டு டிசைன் நெய்யறவனுக்கும் ஜரிகை வேணும் இல்லம்மா?"

நான் சட்டப்பிரிவுகளைச் சொன்னேன். அவர் காபி சொன்னார். வேறு வழி தெரியாமல் தளத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"யம்மா, இது எம் பொண்ணு முகூர்த்தச் சேலை! இந்த மாதிரி இன்னொண்ணு ஒலகத்துலயே கெடையாதுன்னு இல்ல சொல்லிக் கட்டனான் என் தலையில!"

அன்று மாலைக்குள் அவர் விளம்பரம் நின்றது. அவரே கூப்பிட்டுச் சொன்னதில் இன்னும் சில வியாபாரிகளின் விளம்பரமும் நின்றது. சட்டம் அசைக்காத மனிதரை அவர் வீட்டுச் சேலை அசைக்கும். இதைக் குறிப்புகளில் பதினோராவதாகச் சேர்த்திருக்கிறேன், பயன்படும்.

விளம்பரம் குறைந்ததும் தளம் சந்தாவுக்கு மாறியது. சந்தா வசூலித்துக்கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினோம்; அதுவும் நின்றது. அப்புறம் தளத்தில் ஒரு க்யூஆர் கோடு வந்து உட்கார்ந்தது. ஸ்கேன் செய்து பணம் அனுப்பினால் கோப்பு வரும். பெரிய குழாயை அடைத்தால் தண்ணீர் சின்னச் சின்ன வாய்க்காலாகத் தேடிப் போகும். அந்த வாய்க்கால் யார் வாசல் வழியாகப் போகும் என்று நான் யோசிக்கவில்லை. சின்ன வாய்க்கால் என்றால் பிடிப்பது எளிது என்று மட்டும் நினைத்தேன்.

எங்கள் திட்டம் இதுதான்.

ஒன்று: முன்னறிவிப்பே இல்லாமல் அந்தக் கணக்கை முடக்கச் செய்வது.

இரண்டு: மாட்டிக்கொண்ட காசை மீட்க, புகார் கொடுத்த எங்களைத் தளக்காரன் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிடுவார்கள். முன்பும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்று: கூப்பிட்டவனிடம் ஒன்றே ஒன்று கேட்பது. மழைத்துளி முந்தியை உனக்கு அனுப்பியது யார்?

அந்தப் பெயர் கிடைத்தால் ஸ்டெல்லா அக்காவின் பெயர் காப்பாற்றப்படும். அவனுடைய காசு அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்வரைதான் இது நடக்கும். காசு வெளியே போய்விட்டால் அவன் எங்களோடு பேசக் காரணமே இல்லை.

க்யூஆர் கோடை நான்தான் ஸ்கேன் செய்தேன். திரையில் வந்தது லோகு அண்ணனின் கடைப் பெயர்.

லோகு அண்ணன் எங்கள் தெருமுனையில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வங்கிச் செயலி கிடையாது. நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கடையில் கொடுத்ததும் முதலாளிகள் எல்லோருடைய கூலியையும் சேர்த்து லோகு அண்ணன் கணக்கில் போட்டுவிடுவார்கள். அவர் எடுத்துப் பிரித்துக் கொடுப்பார். அதற்கென்று ஒரு பைசா வாங்கமாட்டார். கொடுத்துவிட்டு, கையோடு ஒரு ரீசார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்வார், அவ்வளவுதான். என் அப்பாவின் கூலியும் அப்படித்தான் வருகிறது. பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. தெருவில் வரிசையாகச் சேலை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பணப் பரிமாற்ற நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும் என்று குரலை வைத்து நினைக்கிறேன். இத்தனை வருடங்களில் நேரில் பார்த்ததில்லை, பெயரும் சொன்னதில்லை, விதியில் இடமில்லை. இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் முக்கியமானது அவர் கேட்ட ஒரு கேள்வி. அதை அவர் பாடமாகச் சொல்லவில்லை. அன்று தொலைபேசியில், படிவத்தில் இல்லாத சந்தேகமாகக் கேட்டார்.

"நீங்க அனுப்பினா உடனே நிறுத்திடுவேன் மேடம். திரும்பத் திறக்க மாசக்கணக்கா ஆகும், அது தெரியும்ல? இது சின்னக் கடைக் கணக்கா இருக்கு. வேற யார் காசாவது இதுல வருதா?"

"வருது," என்றேன்.

"அப்போ நிறுத்தவா, இருக்கட்டுமா?"

இன்னும் நண்பகல்கூட ஆகவில்லை. என் விரல் படிவத்தின் மேல் இருந்தது. முடக்கினால் பொங்கலுக்கு எங்கள் தெருவில் பல வீடுகளில் கூலி வராது. லோகு அண்ணனுக்கு முன்கூட்டிச் சொன்னால் செய்தி கசிந்துவிடலாம், கசிந்தால் ஸ்டெல்லா அக்கா தொலைந்தார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், எனக்கு அதுதானே பழக்கம். இந்தப் பக்கம் பல வீடுகள், அந்தப் பக்கம் ஒரு வீடு. கணக்கு சரியாக இருப்பதுபோல் தெரிந்தது.

"நாளைக்குக் காலைல அனுப்பறேன்," என்றேன்.

நேரே லோகு அண்ணன் கடைக்குப் போனேன்.

"வா பவிமா. அப்பா சேலை அறுத்துட்டாரு போல? காசு வந்துட்டுது, சாயந்தரமா வரச்சொல்லு."

"அண்ணா, உன் க்யூஆர வேற யாருக்காச்சும் குடுத்திருக்கியா?"

"எவனுக்குக் குடுக்கல? பூக்காரம்மா, இஸ்திரிக்காரரு, உற்சவக் கமிட்டி... ஊரு உண்டியலுமா இது."

"ஆன்லைன்ல?"

"ஓ, அந்தாளா? செவிலிமேட்டுல குடியிருக்கறான். கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கறேன், ஃபீஸு வந்து விழும், கமிஷன் எடுத்துக்கன்னான். ஏன்?"

"அது ஃபீஸு இல்லண்ணா. திருட்டு டிசைன் விக்கற காசு."

அவர் கையில் இருந்த சிம் அட்டையை அப்படியே மேசையில் வைத்தார். "யாரு டிசைனு?"

"ஏனாத்தூர் அக்கா ஒருத்தங்களுது. இன்னும் நம்ம ஊரு டிசைனு எவ்ளோவோ இருக்குது."

"அடப்பாவி. நம்ம ஜனங்க கூலியும் அவன் திருட்டுக் காசும் ஒரே பையிலயா கெடந்துது?"

நான் தெளிவாகவே சொன்னேன். கூலியை எல்லாம் இன்றைக்குள் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆளுடைய காசு மட்டும் கணக்கிலேயே கிடக்க வேண்டும். நாளைக் காலையில் நாங்கள் முடக்கிவிடுவோம். அதுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"காமாட்சி மேல சத்தியமா பேசமாட்டேன்மா," என்றார்.

சாயங்காலம் லோகு அண்ணன் கடை வாசலில் தெரு முழுவதும் நின்றது. அப்பா கூலி வாங்கி வந்தார். அம்மா பச்சரிசியும் வெல்லமும் வாங்கிவந்து வைத்தாள். நான் நல்ல முடிவு எடுத்துவிட்டேன் என்று நம்பினேன்.

காலையில் படிவத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கூப்பிட்டார். "நிறுத்திட்டேன் மேடம். ஆனா கணக்குல ஒண்ணுமே இல்லையே?"

தளத்தைத் திறந்தேன். லோகு அண்ணனின் க்யூஆர் இல்லை. மழைத்துளி முந்தி இருந்த பக்கமும் இல்லை. கோப்பு ஏற்றுகிறவர்களின் புனைபெயர்கள் வரும் பட்டியல் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது.

லோகு அண்ணன் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் காசு எங்கண்ணா?"

"அவனுக்கே அனுப்பிட்டேன்!" குரலில் பெருமை இருந்தது. "பைசா பாக்கி வெக்கல. கமிஷன்கூட எடுத்துக்கல. உன் சங்காத்தமே வாணாம்டான்னு போன்லயே கிழிச்சித் தொங்கவுட்டேன்."

"அவன்கிட்ட பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணியே அண்ணா."

"நான் எங்க பேசினேன்? திட்டனேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பவிமா, நீ சொன்னத நெனச்சிக்கினே படுத்திருந்தேன். திருட்டுக் காச தெரிஞ்சே எப்படிமா கணக்குல வெச்சிக்கினு தூங்கறது? நாளைக்குப் போலீசு வந்து உன் கணக்குல ஏன்டா இருக்குதுன்னு கேட்டா இன்னா சொல்றது? இத்தினி பேரு நம்பிக் கூலி போட்டு வெக்கற எடம்மா இது. எம் பேரு இன்னாவறது?"

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் ஒட்டிய அழுக்கைக் கழுவுகிற அவசரத்தில் எங்களிடம் இருந்த ஒரே பிடியைக் கழுவி விட்டிருந்தார். நேர்மையான மனிதரிடம் திருட்டுக் காசைக் கொடுத்து, ஒரு ராத்திரி பத்திரமாக வைத்திரு என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் வைத்திருக்கமாட்டார் என்று, அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செவிலிமேட்டு ஆளைத் தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்தது. புகார் கொடுத்தோம். அது இன்னும் நடக்கிறது. வருமானம் வர வழியில்லாமல் அந்தத் தளம் சில வாரங்களில் மூடிவிட்டது. நம் அறிக்கையில் அது வெற்றிகளின் கீழ் இருக்கிறது. கோப்பை ஏற்றியது யாரென்று இன்றுவரை தெரியாது.

ஸ்டெல்லா அக்காவை அலுவலகத்துக்கு வரச்சொல்லி நடந்ததைச் சொன்னேன். எதையும் விடவில்லை. முடித்ததும் அவர் கேட்டார்:

"உங்க தெருவா?"

"ஆமாக்கா."

"கூலி மாட்டியிருந்தா அவங்களுக்குப் பொங்கலே இல்ல. அது எனக்குப் புரியாதா? நானும் கூலிக்காரங்க வூட்டுப் பொண்ணுதான்." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அந்தக் கணக்கு சேலத்துக்காரன் எவனோடதாச்சும் இருந்திருந்தா ஒரு நாள் குடுத்திருப்பியா?"

இதற்கு முன்பு எத்தனையோ ஊர்களில் கணக்குகளை முடக்க எழுதியிருக்கிறேன். அவற்றில் எவர் கூலி கிடந்ததென்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இல்லக்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "செரி. நீ குடுத்தியே ஒரு நாளு, அது யாருதும்மா? என்னுதுதானே? தை பொறக்க எனக்கு இருந்ததே அந்த நாலு நாளுதான். அதுல ஒண்ண எடுத்துக் குடுக்கறப்ப, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நான் மேசையில் இருந்த வழக்குக் கோப்பை மூடினேன்.

"கேட்டிருந்தா, குடுன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார்.

இதைத்தான் எந்த எண்ணின் கீழும் என்னால் வைக்க முடியவில்லை. முடிவு தவறா என்று பலமுறை யோசித்துவிட்டேன். மறுபடி அந்த நிலை வந்தாலும் கூலியை முடக்க எனக்கு மனம் வராது. ஆனால் இந்தப் பக்கம் பல வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று எழுதியபோது, அந்த ஒரு வீட்டின் தொலைபேசி எண் என் கைப்பேசியில் இருந்தது. அழைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவருடைய பெயரை அவரே பணயம் வைப்பதற்கும் அவருக்குத் தெரியாமல் நான் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவின் வீடுகள் ஒவ்வொன்றும் முகத்தோடு நினைவுக்கு வந்தன. அவர் மட்டும் வழக்கு எண்ணாக இருந்தார்.

முதலாளியிடம் நான் வந்து பேசுகிறேன் என்றேன். "அப்பா அவருக்குத்தானே நெய்யறாரு. நான் சொன்னா கேப்பாருக்கா."

"நீ சொன்னா கேப்பாரு, உக்காரவெச்சே கேப்பாரு," என்றார். "நான் சொன்னப்ப கேக்கலியே. வாணாம் வுடு."

தை பிறந்தது. முதலாளி தாம் சொன்னபடி நாலு கடைக்குச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. "யாருன்னு அவளால காட்ட முடியல" என்றுதான் சொன்னாராம். அது போதுமானதாக இருந்தது. ஸ்டெல்லா அக்காவுக்கு நம் ஊரில் இப்போது எந்தக் கடையும் வரைய வேலை தருவதில்லை. ஆரணிப் பக்கம் சிலருக்கு வரைகிறார். கூலி குறைவு, பெயர் போடமாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் இப்போது பின்பற்றும் இரண்டு விதிகள் வந்தன. சின்னக் கணக்கு எந்த ஊரில் இருந்தாலும், அதில் வேறு யார் காசு வருகிறதென்று விசாரிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஒரு நாளுக்கு நம்மிடம் புகார் கொடுத்தவரின் சம்மதத்தை முதலில் வாங்குகிறோம். இந்த விதிகளை நீங்கள் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். வேலை தாமதமாகிறது, தயாரிப்பாளர்கள் திட்டுகிறார்கள்.

போன மாதம் ஏனாத்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். வேலையை விடப்போகிறேன் என்றேன். நல்லது என்றார். அவரிடம் சொல்ல வேண்டுமென்று வெகுநாளாக வைத்திருந்ததால் அந்த இரண்டு விதிகளையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரு நாளு குடுக்கறீங்களா?"

"எல்லாருக்கும் அக்கா. எந்த ஊரா இருந்தாலும்."

"நல்லதுதான்," என்றார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கேலி எதுவும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "அப்ப திருடனுக்கும் ஒரு நாளு கெடைக்குதே பவி, அதுக்கு இன்னா பண்றீங்க?"

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது கிடைத்தால் எனக்கு எழுத வேண்டாம். ஏனாத்தூருக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள்.